விற்பனைத் தொழிலும் முன் விசாரணையும்

நம்மவர் விசாரணையில் குறைந்தவரல்லர். பெண் கொடுக்குமுன் மணமகன் வீட்டாரைப் பற்றி மூன்று ஊர்களில் கேட்டறிகின்றனர். அரைக்காணி நிலம் வாங்குவதாயினும், மூலப்பத்திரம் பார்த்து, வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா யார் பேரில் நிற்கிறதென்று தெரிந்து, அண்டை நிலத்தானையும் ஒரு வார்த்தை கேட்ட பின்னரே முன்பணம் கொடுக்கின்றனர். சந்தையில் மாடு பிடிப்பவன் பல்லைப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நடக்கவிட்டும் பார்க்கிறான். இத்துணை விழிப்புடைய குடும்பத்திற் பிறந்து, பதினைந்து ஆண்டுகள் கல்வி கற்றுப் பட்டமும் பெற்ற இளைஞன், தன் உழைப்பையும் நற்பெயரையும் ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கும் வேளையில் மாத்திரம், “சம்பளம் எவ்வளவு? எப்பொழுது சேரவேண்டும்?” என்னும் இரண்டு கேள்விகளோடு அமைந்துவிடுகிறான். இஃது எமக்கு வியப்பையும் கவலையையும் ஒருங்கே தருகிறது. அவன் ஏற்பது விற்பனை உத்தியோகமாயின் அக்கவலை இருமடங்காகிறது. அதன் காரணத்தைக் கூறி, விசாரிக்கும் வழிகளையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விற்பனைத் தொழிலை இழித்துரைப்பது எம் கருத்தன்று. இன்று கலாசாலையை விட்டு வெளியேறும் மாணவ மாணவியருட் பலருக்கு முதலில் திறக்கும் கதவு அதுவே. விஞ்ஞானம் கற்றவர் மருந்துக் கம்பெனிகளின் பிரதிநிதிகளாகின்றனர். வணிகம் கற்றவர் பாங்கு, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றிற் புகுகின்றனர். மொழியும் சரித்திரமும் கற்றவர், பாடங்களையோ வீட்டுச் சாதனங்களையோ விற்கச் செல்கின்றனர். உற்பத்தியான பண்டம் வேண்டுவோர் கையைச் சேராவிடில் உற்பத்தியினால் ஆவது யாது? காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடப் புகுந்த பட்டினப்பாலை ஆசிரியர், அவர்தம் செல்வத்தைக் கூறியதோடு அமையாது, தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்த நடுநிலையையும், வெளிப்படையாக விலை கூறிய நேர்மையையும் போற்றியிருக்கின்றார். ஆதலின் நேர்மையுடன் விற்பவன் எந்தச் சபையிலும் தலைநிமிர்ந்து நிற்கத்தக்கவன் என்பதில் ஐயமில்லை. அந்த நேர்மைக்கு அவன் சேரும் கம்பெனி இடங்கொடுக்குமா என்பதே வினா.

விற்பனையாளனுக்கு இவ்விசாரணை ஏனையோரினும் மிகுதியாக வேண்டப்படுவது ஏன்? குமாஸ்தா எழுதும் கணக்கு கம்பெனியின் சுவர்களுக்குள் அடங்கும். தொழிற்சாலையிற் செய்த பண்டம் பழுதாயின் வாங்கியவன் கம்பெனியை நோவானேயன்றி, அதைச் செய்தவன் இன்னானென்று அறியான். விற்பனையாளன் நிலை அத்தகையதன்று. பண்டத்திற்கும் மக்களுக்கும் இடையே அவன் தன் முகத்தை வைக்கிறான். வாங்குவோர் கம்பெனியின் கணக்குகளைப் படித்து வாங்குவதில்லை, “நம் தம்பி சொல்கிறான், படித்த பிள்ளை, பொய் சொல்லமாட்டான்” என்றே வாங்குகின்றனர். அவன் விற்கும் முதற்பொருள் அவனுடைய சொல்லே. பண்டம் அதன் பின் வருவது. முதலில் வாங்குவோரும் பெரும்பாலும் அத்தை, மாமன், அடுத்த வீட்டார், கோயிலில் உடன் அமர்வோர் ஆகியோரே. சில கம்பெனிகள் புதியவனைச் சேர்த்தவுடன், “உனக்குத் தெரிந்த ஐம்பது பேரின் பெயரை எழுது” என்று காகிதத்தை நீட்டுவதன் மர்மம் இதுதான். அவை அவன் திறமையைக் காட்டிலும் அவன் உறவையே கூலிக்கு அமர்த்துகின்றன.

அக்கம்பெனி வீழ்ந்தால் டைரக்டர்கள் தூரத்து நகரத்தில் இருப்பார்கள். இவனோ அதே தெருவில் இருந்தாக வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வங்காளத்திலே சாரதா குழுமம் சரிந்தபோது நடந்ததை யாவரும் அறிவர். கிராமங்களிற் பணம் திரட்டிய ஏஜெண்டுகள் அவ்வவ்வூர் இளைஞர்களே. பணமிழந்தோர் அவர்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். பலர் ஊரைவிட்டு ஓடினர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். நம் மாகாணத்திலும் 2022-ஆம் ஆண்டில், ஆருத்ரா கோல்டு என்னும் கம்பெனி மிகுந்த வட்டி தருவதாகக் கூறி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவுப் போலீசார் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கிற் கைதானோருள் பணம் திரட்டிக் கொடுத்த ஏஜெண்டுகளும் இருந்தனர். 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், திட்டத்தை நடத்துவோரை மட்டுமின்றி, அறிந்தே பொய் வாக்குறுதி கூறிப் பிறரை அதிற் சேரத் தூண்டுவோரையும் தண்டனைக்கு உட்படுத்துகிறது. “யான் சம்பளக்காரன்; சொன்னதைச் செய்தேன்” என்னும் விடை நீதிமன்றத்திலும் எளிதிற் செல்லாது; அயலார் முகத்தின் முன்னரோ சிறிதும் செல்லாது.

“வேலை கொடுப்போரன்றோ நம்மைச் சோதிக்க வேண்டும், வேலை கேட்போர் அவரைச் சோதித்தல் முறையாகுமா?” என்று சிலர் கூசுகின்றனர். திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, ஒருவனைப் பணியிலமர்த்துமுன் அவன் குணத்தையும் குற்றத்தையும் ஆராயும் முறையை அரசனுக்கு உரைத்தது உண்மையே. ஆயினும் அரசன் பணியாளரைத் தேடிய காலம் அது. இன்றைய உத்தியோகமோ இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஒருவர் தெளிந்தும் மற்றவர் தெளியாமலும் செய்யும் ஒப்பந்தம் நிலைத்தல் அரிது. கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பானென்னும் சுவிசேஷ உவமையை நம் கல்லூரி ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கிறோம். வேலை தேடுவோனுக்கும் அது பொருந்தும்.

இனி, விசாரிக்கும் முறைகளைக் காண்போம். இக்காலத்தில் இதற்குப் பெருஞ் செலவோ சிபாரிசோ வேண்டுவதில்லை. இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் போதும்.

முதலாவது, அக்கம்பெனி உண்மையில் உளதா, எந்நிலையில் உளது என்பது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பதிவு பெற்ற கம்பெனி ஒவ்வொன்றும் தன் கடிதத் தாளில் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண்ணை அச்சிட வேண்டும். அவ்வெண்ணிலேயே பதிவு அலுவலகம் உள்ள மாகாணத்தின் குறியும், கம்பெனி தோன்றிய ஆண்டும் அடங்கியிருக்கின்றன. “முப்பது ஆண்டுப் பாரம்பரியம்” என்று பறைசாற்றும் கம்பெனியின் எண்ணில் சென்ற ஆண்டு காணப்படின், அப்பொழுதே ஒரு கேள்வி பிறக்கிறது. பெயர் மாறியிருக்கலாம், பழைய கூட்டுவியாபாரம் கம்பெனியாகியிருக்கலாம். காரணத்தைக் கேட்டறிதல் நம் உரிமை. மத்திய சர்க்காரின் கம்பெனி விவகார அமைச்சகத்து இணையதளத்தில் கம்பெனியின் பெயரை இட்டால், அது நடப்பிலுள்ளதா, ஏட்டினின்று நீக்கப்பட்டதா, செலுத்திய மூலதனம் எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டின் வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்தது என்பன தெரியும்.

இவற்றுள் கடைசியாகக் கூறியதை அற்பமென்று எண்ணற்க. பாடங்களை விற்றுப் பெரும்புகழ் பெற்ற பைஜூஸ் கம்பெனி ஆயிரக்கணக்கான பட்டதாரிகளை விற்பனைக்கு அமர்த்தியிருந்தது. அதன் 2020-21-ஆம் ஆண்டின் கணக்கு, உரிய காலம் பல மாதங்கள் கடந்து 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. வெளிவந்தபோது நட்டம் 4,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்டிருந்தது. 2023 ஜூனில் அதன் தணிக்கையாளர் விலகினர். 2024 ஜூலையில் கம்பெனி நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. கணக்குத் தாக்கல் தாமதிப்பது எப்பொழுதும் வீழ்ச்சியின் அறிகுறியென்று யாம் கூறவில்லை. ஆயினும், கிரிக்கெட் வீரர் சட்டையில் பெயர் மின்னிய நாட்களிலேயே அக்கணக்கைத் தேடிப் பார்த்தவன் ஒருவன், பார்க்காதவனைவிடச் சிறிது முன்னெச்சரிக்கையோடு இருந்திருப்பான் அன்றோ?

பெரும் பெயரும் உயர்ந்த கட்டடமும் சான்றாகா என்பது சென்னைக்குப் புதிய பாடமன்று. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதைவிட உறுதியானது வேறில்லையென்று நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் தம் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் விசாரிக்கப்பட்டுச் சிறை சென்றார். அத்துயரத்தின் பின்னரே 1907-ஆம் ஆண்டில் இந்தியன் பாங்கு தோன்றியது.

பணியாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்திலும் கம்பெனியைத் தேடலாம். 20 பேருக்குக் குறையாது வேலை செய்யும் ஸ்தாபனங்கள் அந்நிதிக்கு உட்பட்டவை. எந்த மாதத்திற்கு, எத்தனை பேருக்காக, எவ்வளவு செலுத்தினர் என்பதை அங்கே காணலாம். “எம்மிடம் ஐந்நூறு பேர் வேலை செய்கின்றனர்” என்பவர் நாற்பது பேருக்கே நிதி செலுத்துவாராயின், மற்றையோர் எவ்வகையில் வேலை செய்கின்றனரெனக் கேட்கத் தோன்றும். மாதந்தோறும் செலுத்துவதிலேயே தடங்கல் தோன்றுமாயின், சம்பளத்திலும் தடங்கல் தோன்றக் காலம் செல்லாது. சிறு வியாபாரங்களும் கூட்டுவியாபாரங்களும் கம்பெனியாகப் பதியப்படாதிருக்கலாம். அவற்றிற்குச் சரக்கு சேவை வரிக்குரிய 15 இலக்க எண் உண்டாயின், அது நடப்பிலுள்ளதா என்பதை அவ்வரியின் தளத்தில் அறியலாம். கோர்ட்டு வழக்குகளையும் பெயரிட்டுத் தேட இன்று வசதியுண்டு.

இரண்டாவது, அத்தொழிலை நடத்த உரிமையுண்டா என்பது. இன்ஷூரன்ஸ் விற்பதற்கு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியும், பங்கு வியாபாரத்திற்குச் செபியின் பதிவும் வேண்டும். பொதுமக்களிடம் வைப்புத் தொகை பெறும் பாங்கல்லாத நிதிக் கம்பெனிக்கு ரிசர்வ் பாங்கின் அனுமதி வேண்டும். பெயர்ப்பட்டியல்கள் யாவும் அவ்வவற்றின் தளங்களில் வெளியிடப்பட்டுள்ளன. ஆள் சேர்த்தால் பணம், அவர் மேலும் ஆள் சேர்த்தால் பின்னும் பணம் என்னும் ஏற்பாட்டை “மார்க்கெட்டிங் உத்தியோகம்” என்று அழைப்பாரும் உளர். 1978-ஆம் ஆண்டிலேயே பணச் சுழற்சித் திட்டங்கள் சட்டத்தால் தடுக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் அடுக்குமுறைத் திட்டங்களை விலக்கின. பண்டத்தை விற்று வரும் ஊதியம் எவ்வளவு, ஆட்களைச் சேர்த்து வரும் ஊதியம் எவ்வளவு என்று கேட்டால் உண்மை தெளிவாகும்.

மூன்றாவது, பண்டத்தின் தன்மை. இங்கே எமது அளவுகோல் எளியது: இப்பண்டத்தை, இவ்விலைக்கு, இச்சொற்களைச் சொல்லி, என் தாய்க்கு விற்பேனா? விற்கேன் என்று மனம் கூறுமாயின் அயலாருக்கு விற்பது எங்ஙனம்? ஆயினும் மனத்தை மாத்திரம் கேட்டால் போதாது, சான்றும் தேடவேண்டும். இன்ஷூரன்சாயின், வந்த உரிமைக் கோரிக்கைகளில் எத்தனை தீர்க்கப்பட்டன என்பதும், விற்ற பாலிசிகளில் 13-ஆம் மாதத்திலும் எத்தனை விழுக்காடு தொடர்கின்றன என்பதும் வெளியிடப்படுகின்றன. இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் கட்ட மனமின்றிப் பலர் விட்டுவிடும் பாலிசி, பெரும்பாலும் புரியவைக்காமல் விற்ற பாலிசியாகவே இருக்கும். மருந்தாயின், தரத்திற் குறைந்தனவெனச் சோதனையிற் கண்டவற்றின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. ஒருமுறை பெயர் வந்ததனால் கம்பெனியைத் தள்ளிவிடல் நீதியன்று; போலி மருந்தில் பிறர் பெயர் பதிந்திருத்தலும் உண்டு. மீண்டும் மீண்டும் வருமாயின் அது வேறு விஷயம். மேலும், 2024-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை நெறிகள், வைத்தியர்களுக்குச் சொந்தப் பயனுக்கான பரிசுகள் வழங்கலாகாதென்றும், பிரதிநிதிகளின் செயலுக்குக் கம்பெனியே பொறுப்பென்றும் கூறுகின்றன. பரிசுப் பொதியைச் சுமந்து செல்வதே தன் வேலையாகுமா என்பதை மருந்துப் பிரதிநிதியாக விரும்புவோன் முன்னரே கேட்டறிதல் நலம்.

நான்காவது, ஊதியமும் இலக்கும். இவ்விடத்தில் நம் மாணவர் ஏமாறுவது மிகுதி. “மாதம் ஐம்பதினாயிரம் வரை” என்னும் விளம்பரத்தில் உண்மை முழுவதும் “வரை” என்னும் சிறு சொல்லில் ஒளிந்திருக்கிறது. நிலைச் சம்பளம் எவ்வளவு, இலக்கை எட்டினால் வரும் ஊக்கத்தொகை எவ்வளவு, பிரயாணச் செலவு யாருடையது என்று பிரித்துக் கேட்கவேண்டும். பின்பு தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிடவேண்டும். மாதத்திற்கு 20 விற்பனை இலக்கு. பத்து வீடு ஏறினால் ஒருவர் வாங்குவர். வேலை நாட்கள் 25 என்று கொள்வோம். இருநூறு வீடுகள் ஏறவேண்டும், நாளொன்றுக்கு எட்டு. இடைத்தூரமும், காத்திருக்கும் நேரமும், வெயிலும் மழையும் கூட்டிப் பார்த்தால் அது மனிதனால் ஆகுமா ஆகாதா என்பது விளங்கும். ஆகாத இலக்கானால், அதை எட்டுவதற்கு இரண்டே வழிகள்: தன் பணத்தைப் போட்டு வாங்குதல், அல்லது பொய் கூறி விற்றல்.

இஃது எம் கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெரிய பாங்குகளுள் ஒன்றான வெல்ஸ் பார்கோவில், வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் எட்டுக் கணக்குகள் இருக்கவேண்டுமென்பது மேலதிகாரிகளின் முழக்கமாயிருந்தது. அவ்விலக்கின் நெருக்கத்தால், சிற்றூழியர் வாடிக்கைக்காரர் அறியாமலே அவர் பெயரிற் கணக்குகளைத் திறந்தனர். 2016 செப்டம்பரில் உண்மை வெளிப்பட்டபோது அத்தகைய கணக்குகள் ஏறத்தாழ 20 லட்சம் எனப்பட்டன, பாங்கிற்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் வேலை இழந்தோர் 5,300 பேர்; அவருட் பெரும்பாலோர் கீழ்நிலை ஊழியர். தலைவர் பின்னர்ப் பதவி விலகினார், அபராதமும் செலுத்தினார். ஆயினும் சுமையின் முதற்பகுதி யார் தலையில் விழுந்ததென்பதை நோக்குக. அவர்களுள் எத்தனை பேர் வேலைக்குச் சேரும் நாளில் பொய்யொப்பமிட எண்ணியிருப்பர்? ஒருவருமிரார் என்றே நம்புகிறோம். நல்லவனையும் நாளடைவில் வளைக்கும் ஆற்றல் இலக்கிற்கு உண்டு. ஆகலின் இலக்கை முன்னரே ஆராய்தல் ஒழுக்கத்திற்கே அரணாகும்.

ஐந்தாவது, நியமனக் கடிதம். விற்பனை ஊழியருக்கு நியமனக் கடிதம் கொடுக்கவேண்டுமென்று 1976-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. ஆகவே கடிதம் கேட்பது அவமரியாதையன்று. அதிற் கையொப்பமிட்டிருக்கும் கம்பெனி எது என்று முதலிற் பார்க்க. பெரிய பாங்கின் பெயரைச் சொல்லி அழைத்து, எங்கோ உள்ள ஒரு ஏஜென்சியின் கடிதத்தைக் கையில் கொடுப்பதுண்டு. அங்ஙனமாயின் ஆராயவேண்டியது அந்த ஏஜென்சியையே. வேலைக்காக வைப்புப் பணம் கேட்போரையும், அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்போரையும் விட்டு விலகுதலே அறிவு. வேலையை விட்ட பின்பு இன்ன தொழில் செய்யலாகாதென்னும் நிபந்தனை, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்து 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. எனினும் அதனைக் காட்டி அச்சுறுத்துவோர் உளர். வாடிக்கைக்காரர் பணம் கட்டாவிடில் அது தன் சம்பளத்திற் பிடிக்கப்படுமா என்பதையும் எழுத்திற் பார்த்தல் வேண்டும். மாணவியர் ஒன்று கூடுதலாகக் கேட்கவேண்டும்: இரவுப் பிரயாணம் உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு, 10 பேருக்குக் குறையாத இடத்தில் 2013-ஆம் ஆண்டின் சட்டம் வேண்டும் உட்புகார்க் குழு அமைக்கப்பட்டுள்ளதா என்பன. நேர்மையான கம்பெனி இவற்றிற்கு முகஞ்சுளியாது விடையளிக்கும்.

ஆறாவதும் முதன்மையானதுமான சான்று மனிதரே. ஏடுகள் கம்பெனியின் உடலைக் காட்டும். அதன் உள்ளத்தைக் காட்டுவோர் அங்கு வேலை செய்தோர். இப்பொழுது வேலை செய்வோரையும், விட்டு வந்தோரையும் தனித்தனியே கேட்க. விட்டு வந்தவர் சொற்களில் மனக்கசப்பின் பங்கைக் கழித்துக்கொள்க; வேலையிலிருப்பவர் சொற்களில் அச்சத்தின் பங்கைக் கூட்டிக்கொள்க. ஒருவர் கூறியதை மற்றவரும் அவரை அறியாதே கூறுவாராயின் அதனை நம்பலாம். மருந்துக் கடைக்காரரும், பலசரக்கு மொத்த வியாபாரியும், கம்பெனி திரும்பப் பெறவேண்டிய சரக்கைப் பெறுகிறதா, கொடுத்த வாக்கைக் காக்கிறதா என்பதை ஐந்து நிமிஷத்திற் கூறிவிடுவர். இயலுமாயின் விற்பனையாளர் ஒருவருடன் ஒரு நாள் முழுதும் சுற்றிவருதல் எல்லாவற்றினும் மேலானது. அவர் வாங்குவோரிடம் பேசுவதை ஒருமுறை கேட்டால், நாளை தாம் பேசவேண்டிய பேச்சு இன்னதென்று தெரிந்துவிடும். நேர்முகத்திலும் பணிவோடு கேட்கத்தக்க கேள்விகள் நான்கு உண்டு. இவ்விடம் ஏன் காலியாயிற்று? சென்ற ஆண்டு சேர்ந்தவருள் இன்று எத்தனை பேர் இருக்கின்றனர்? அவருள் எத்தனை பேர் இலக்கை எட்டினர்? விற்ற பொருளை வாங்கியவர் திருப்பினால் இழப்பு யாருடையது? விடையைக் காட்டிலும் விடை கூறுவோர் முகத்தோற்றம் பல சமயங்களில் மிகுதியாகக் கூறும்.

இனி, எமக்கு எதிராக எழக்கூடிய வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. “வீட்டில் கடன்; தங்கைக்குக் கல்விக் கட்டணம்; கையில் இருப்பது ஒரே ஒரு நியமனக் கடிதம். இந்நிலையில் ஆராய்ந்து தெரிவு செய்யும் சுகம் எமக்கு ஏது?” என்று ஏழை மாணவன் கேட்பான். இக்கேள்வியை இலேசாகத் தள்ளுவோர் நம் கல்லூரி மாணவரை அறியாதவர். ஆயினும் யாம் சொல்வது இது: விசாரணையின் முடிவு எப்பொழுதும் மறுப்பே ஆகவேண்டுவதில்லை. குறையைத் தெரிந்தே ஒரு வேலையை ஏற்கலாம். ஆறு மாதம் தொழில் கற்றுக்கொண்டு விலகவேண்டுமென்று முன்னமே தீர்மானித்து ஏற்கலாம். உறவினரிடம் விற்பதில்லையென்ற விரதத்தோடும் ஏற்கலாம். குறைகள் இல்லாத கம்பெனியைத் தேடுவோன் வேலையின்றியே இருப்பான். குறை எத்தகையது என்பதைத் தெளிவதே வேண்டுவது. கடும் வேலை, குறைந்த சம்பளம், கோபக்கார மேலதிகாரி என்பன பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். பொய் சொல்லாமல் விற்க இயலாமை பொறுத்துக்கொள்ளக்கூடாத குறை. மேலும், விசாரியாமையால் மிகுந்த இழப்பு அடைவோன் ஏழையே. செல்வன் மகனுக்கு ஒரு வேலை போனால் தந்தை கடை உண்டு. ஏழைக்கு அவன் நற்பெயரன்றி வேறு முதலில்லை. முதல் ஒன்றே உடையவன் அதை எங்கே இடுகிறோமென்று பார்த்து இடுதல் சுகபோகமாகாது.

நம் கல்லூரிக்கும் இதில் பங்குண்டு. ஆண்டுதோறும் எத்தனை மாணவர் வேலை பெற்றனர் என்னும் தொகையைப் பெருமையோடு அறிக்கையில் அச்சிடுகிறோம். ஓராண்டின் பின் அவருள் எத்தனை பேர் அவ்வேலையில் நிலைத்தனர் என்பதை எண்ணுவோமா? கல்லூரி வாயிலுக்குள் ஒரு கம்பெனியை அழைத்து வருவதே மாணவருக்கு ஒரு சிபாரிசாகும். “கல்லூரி அழைத்ததன்றோ” என்று பெற்றோரும் நம்புவர். அந்நம்பிக்கைக்கு ஈடாக வேலைவாய்ப்புப் பிரிவு, மேலே கூறிய முதலிரண்டு சோதனைகளையேனும் தானே செய்துவிட்டு அழைத்தல் வேண்டும். இரண்டாவதாக, நூல்நிலையத்தில் ஒரு ரிஜிஸ்தர் வைக்கலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பக்கம்; அங்கே வேலை செய்த பழைய மாணவர், எவ்வளவு காலம் இருந்தனர், சொன்ன ஊதியம் கிடைத்ததா, இலக்கு எத்தகையது, தம் தம்பியை அங்கே அனுப்புவரா என்னும் நான்கு விஷயங்களைத் தாம் அறிந்த அளவில் மட்டும் எழுதுக. வசைமொழிக்கு அதில் இடம் வேண்டா. பழைய மாணவர் சங்க விருந்துகளில் கழியும் ஒரு மாலைப் பொழுதில் இவ்வேட்டின் பாதி நிரம்பிவிடும். முன் சென்றவன் கண்ட பள்ளத்தைப் பின் வருபவனுக்குக் கூறாதிருத்தல் அன்பாகாது.

மாணவ நண்பர்களே, விற்பனை நல்ல தொழில், அது கூச்சத்தைப் போக்கும், மனிதரைப் படிக்கக் கற்பிக்கும், உழைப்போனை உயர்த்தும். அதனை அஞ்சி விலகவேண்டாம். அறியாது புகவும் வேண்டாம். நீங்கள் தோளில் மாட்டும் பையில் கம்பெனியின் பண்டம் இருக்கும். அதனோடு உங்கள் தந்தை பெயரும், நீங்கள் கற்ற கலாசாலையின் பெயரும் இருக்கும். அப்பையை யாரிடமிருந்து பெறுகிறீர்களென்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துப் பெறுவீர்களாக. பத்து ஆண்டு கழித்து அதே தெருவில் நடக்கையில், அன்று உங்களிடம் வாங்கியவர் உங்களைக் கண்டு கதவைச் சாத்தாமல் திண்ணையில் அமரச் சொல்வாராயின், அதுவே உங்கள் விற்பனைக்குக் கிடைத்த உண்மையான ஊதியமாகும்.